டார்லா அத்தையின் பதினைந்து நிமிட விடுமுறைகள்

டார்லா அத்தைக்கு ஓய்வெடுக்க வேண்டுமென்றால் முதலில் மணியை முடுக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் தக்காளி வடிவத்தில் ஒரு சமையல் கடிகாரம் இருக்கிறது. அதைப் பதினைந்து நிமிடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, கொல்லையில் தகரத் தொட்டியில் தண்ணீர் பிடித்துக் காலை உள்ளே விட்டுக்கொண்டு உட்காருவார். மடியில் ஒரு டின் அன்னாசிப்பழமும் ஒரு முள்கரண்டியும் இருக்கும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குப் பெயர் ஹவாய்.

இப்படி ஒரு பட்டியலே ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தது. திங்கள் ஹவாய். செவ்வாய் பாரிஸ்: நூற்றிரண்டு டிகிரி வெயிலில் கழுத்தில் ஒரு பட்டுத்துண்டைச் சுற்றிக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து, பொம்மைக்கு ஊற்றுவது போன்ற கோப்பையில் காபி. புதன் அலாஸ்கா: நிலவறையில் இருக்கும் பெரிய உறைபெட்டியின் மூடியைத் தூக்கி, அடுக்கி வைத்த மாட்டிறைச்சிப் பொட்டலங்களின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பது. வெள்ளி மலைப்பிரதேசம்: மரத்தடியில் நிறுத்திய காரில் ஏசியைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வது. அதற்கு நேரே அடைப்புக்குறிக்குள் ‘பேச்சு கிடையாது’ என்று ஒரு விதி வேறு.

வியாழனுக்கு எதிரே மட்டும் ஊர்ப்பெயர் இல்லை. ‘பொம்பளைங்க’ என்று எழுதியிருந்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக வேலை. மணி அடித்தால் சோளரொட்டி, மணி அடித்தால் பால், மணி அடித்தால் தட்டு கழுவுவது என்று பழகியவருக்கு, மணி அடிக்காமல் எதையும் ஆரம்பிக்கவும் தெரியாது, முடிக்கவும் தெரியாது. கோடையில் பள்ளிக்கூடம் பத்து வாரம் மூடியிருக்கும். அந்தப் பத்து வாரமும் அவர் வீட்டை விட்டு நகர்ந்ததில்லை. கான்சாஸ் எல்லையைத் தாண்டியது ஒரே ஒருமுறை, டுவேன் மாமாவின் குடலிறக்க ஆபரேஷனுக்காக. அதையும் ஒரு சுற்றுலாவைப் போலத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். “ஆஸ்பத்திரி கேன்டீன்ல பழம் வச்சுச் சுட்ட பை மூணு வகை வச்சிருந்தாங்க டெஸ். மூணு வகை!”

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வரலாறு படித்தேன். மே மாதம் பட்டத்தோடும் இரண்டு அட்டைப்பெட்டிகளோடும் திரும்பி வந்தேன். அப்பா லாரியோடு எங்கேயோ மேற்கே இருந்தார். அதனால் அத்தை வீட்டு நிலவறை அறையில் தங்கினேன். அந்த உறைபெட்டிக்குப் பக்கத்தில்தான் என் கட்டில். புதன்கிழமை தோறும் என் தலைமாட்டில் அலாஸ்கா நடந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பெண் தன் சொந்த வீட்டில், தனக்குச் சொந்தமான கோடையில், பதினைந்து நிமிடம் சும்மா உட்கார ஒரு தக்காளியிடம் அனுமதி வாங்குகிறாள் என்றால் அதை என்னவென்று சொல்வது? உழைப்பைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் கல்லூரியில் ஒரு முழுப் பருவம் படித்திருந்தேன். அதை வைத்து அத்தையை ஒரே வாரத்தில் எடைபோட்டு முடித்துவிட்டேன். அந்தப் படிப்பு எனக்கு வேலை வாங்கித் தரவில்லை. ஆளை மட்டம் தட்டச் சொல் நிறைய வாங்கித் தந்திருந்தது.

இனி வியாழன்.

மே கடைசியில் கூடத்துச் சோபா வெளித் தாழ்வாரத்துக்குப் போய்விடும். அதன் இடத்தில் போர்வைச் சட்டம் வரும். நான்கு நீள மரச்சட்டங்கள், மூலைக்கு ஓர் இறுக்கி. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் வெள்ளைத் துணி என்று மூன்றையும் சேர்த்து மத்தளத் தோல் போல இழுத்துக் கட்டியிருப்பார்கள். நீலப் பென்சிலில் கோடு வரைந்திருக்கும். அந்தக் கோட்டின் மேல் மூன்று துணியையும் பிடித்துக் கையாலேயே தைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு போர்வைக்கு ஒரு கோடை முழுவதும் போகும். கடையில் அதே அளவில் ஒரு கம்பளி அரை மணி நேரத்தில் வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். டுவேன் மாமா மட்டும், சாப்பாட்டு நாற்காலியில் முதுகு வலிக்க உட்கார்ந்து பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தவர், “சோபாவும் திரும்பி உள்ள வந்துடும்” என்றார்.

வருபவர்கள் இரண்டே பேர். ஆர்லிஸ், பால்பண்ணை வைத்திருந்து விற்றவள். உதடு மெல்லிசு, நாக்கு அதைவிட மெல்லிசு. இன்னொருத்தி நொரீன், தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவள். கணவன் இல்லை. எப்போதும் கேரட் துருவிப் போட்ட எலுமிச்சை ஜெல்லியை ஒரு செம்பு அச்சில் செய்து எடுத்து வருவாள். அதை யாரும் சாப்பிடுவதில்லை. ஆனால் தட்டில் வாங்கிக்கொள்வார்கள். நான் நேரடியாக வேண்டாம் என்று சொன்ன அன்று அத்தை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, “வாங்கி வச்சுக்க. திங்கச் சொன்னேனா?” என்றார்.

அவர்கள் பேச்சு இப்படி இருக்கும்:

“நொரீன், உன் ஊசி தூங்குதா, நீ தூங்கறியா?”

“நான் நிதானமா போறவ, ஆர்லிஸ். உன்னை மாதிரி மாடு விரட்டற வேகம் எனக்கு வராது.”

“மாடாவது நேரா நடக்கும்.”

“போன வாரம் நான் தைச்சதைப் பாருடி. அங்குலத்துக்குப் பதினொண்ணு. எண்ணிப் பாரு. உனக்கு ஒன்பதுக்கு மேல வந்திருக்கா, சொல்லு.”

ஆர்லிஸ் குனிந்து நூலைக் கடிப்பாள். அத்தை உடனே, “ஐஸ் டீ யாருக்கு வேணும்?” என்பார்.

இது ஏன் என்று ஜூன் இரண்டாவது வியாழன்தான் தெரிந்தது. நொரீன் நாலரை மணிக்குக் கிளம்பினாள். அவள் கார் திருப்பத்தில் மறைந்ததும், ஆர்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு சட்டத்தின் ஜன்னல் பக்கத்துக்குப் போனாள். அது நொரீன் உட்காரும் பக்கம். அத்தை டிராயரைத் திறந்து தையல் பிரிக்கும் முள்ளை எடுத்தார். இருவரும் சேர்ந்து நொரீன் அன்று மத்தியானம் முழுவதும் தைத்ததைப் பிரித்துப் போட்டார்கள். பிறகு அதே கோட்டில், அதே ஓட்டைகளை நகத்தால் தேய்த்து மூடிவிட்டு, அங்குலத்துக்குப் பதினொன்று என்று தைத்து முடித்தார்கள்.

“என்ன பண்றீங்க?”

“பாத்தா தெரியலையா? காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?” என்றாள் ஆர்லிஸ். பிரித்த நூலை என் முன்னால் தூக்கிப் பிடித்தாள். “இதுக்குப் பேரு கால்விரல் மாட்டித் தையல். ராத்திரி போத்திக்கிட்டுப் படுத்தா கட்டைவிரல் நகம் உள்ள போயிடும். போர்வையோட எந்திரிச்சு நடக்கலாம்.”

“எவ்வளவு நாளா இப்படி?”

அத்தை மேலே பார்த்து யோசித்தார். “அவ வீட்டுக்காரர் தவறின வருஷத்துலேருந்து. பத்தொன்பது.”

பத்தொன்பது கோடை. ஒவ்வொரு வியாழனும். நொரீன் அடுத்த வாரம் வந்து, தான் விட்டுப்போன இடத்தில் பொடிப் பொடியாக வரிசை பிடித்த தையலைப் பார்த்து, தன் கையை நினைத்துத் தானே பூரித்துப்போவாள். மூவரில் தானே கைகாரி என்று அவள் மனதார நம்பினாள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இவர்கள் விட்டிருந்தார்கள்.

“இது அவங்களுக்குப் பண்ற உதவியா? அசிங்கமா இருக்கு அத்தை. அவங்களுக்குத் தைக்க வராதுன்னு முதல் வாரமே சொல்லியிருந்தா கத்துக்கிட்டிருப்பாங்க, இல்லன்னா விட்டிருப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மனுஷியைப் பொம்மையாக்கி வச்சிருக்கீங்க.”

“டீ ஊத்தட்டுமா?” என்றார் அத்தை.

ஜூலை முதல் வாரம் நொரீன் ஒரு செய்தியோடு வந்தாள். ஆகஸ்ட் கடைசியில் அரிசோனாவில் இருக்கும் மகனிடம் போகிறாள். வீட்டை விற்றாயிற்று. திரும்பி வரப் போவதில்லை. எல்லாரும் கொஞ்சம் அழுதார்கள். ஆர்லிஸுக்கு அழத் தெரியாது. அவள் அன்று ஜெல்லியைச் சாப்பிட்டாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்” என்றாள் நொரீன். “இந்தப் போர்வையை எனக்குக் குடுத்துடுங்க. கண்காட்சியில ஒரு வாரம் தொங்கட்டும், அப்புறம் நான் எடுத்துக்கறேன். அங்க படுத்துக்கிட்டுத் தடவிப் பாப்பேன். இது ஆர்லிஸ், இது டார்லா, இது நான்னு.”

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் பிரிக்கும் முள்ளை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரமானது. “அவ தெரிஞ்சுக்காமலே போயிடணும்” என்றார். “அவ்வளவுதான். இன்னும் ஏழு வாரம். பத்தொன்பது வருஷம் தெரியல, இந்த ஏழு வாரத்துல தெரியக் கூடாது.”

“நல்ல லட்சியம்” என்றேன்.

ஆர்லிஸுக்கு வேறொரு கவலை. மாவட்டக் கண்காட்சியில் போர்வைகள் தொங்கும் கொட்டகைக்கு ஊரின் நாலு சர்ச்சுகளிலிருந்தும் பெண்கள் வருவார்கள். மூக்கு துணியில் உரசும் அளவுக்குக் குனிந்து தையலை எண்ணுவார்கள். எங்கள் வீட்டுப் போர்வைக்கு முதல் பரிசான நீல ரிப்பன் ஏழு முறை கிடைத்திருக்கிறது. எட்டாவது வேண்டும்.

இதற்கிடையில் நான் கவனிக்காத ஒன்று நடந்துகொண்டிருந்தது. அத்தையின் வலது கட்டைவிரல். இருபத்தாறு வருடம் தட்டு அடுக்கியும் பெரிய கரண்டி பிடித்தும் அதன் அடி மூட்டு வீங்கியிருந்தது. ஹவாயில் அன்னாசி டின்னைத் திறக்க டுவேன் மாமாவைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். நான் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். என் கவனம் முழுவதும் வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களுக்கு நூலகத்துக் கணினியில் வராத பதில்களின் மேல் இருந்தது.

ஜூலை மூன்றாவது வியாழனும் நான் நூலகத்துக்குப் போயிருந்தேன். ஆறு மணிக்குத் திரும்பினேன். வெயில் அப்போதும் கூடத்துத் தரையில் கிடந்தது. ஆர்லிஸ் சீக்கிரம் போய்விட்டிருந்தாள், கணவருக்குப் பல் வைத்தியரிடம் முறை இருந்ததாம். அத்தை கையில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தார்.

“டெஸ், ஒரு வேலை செய். நொரீன் பக்கத்தைப் பிரிச்சு வை. காலையில நான் தைச்சுக்கறேன். துணி கிழியாம பாத்துக்க.”

“உங்க பொய்க்கு நான் ஏன் கூலி வேலை செய்யணும்?”

“சோத்துக்குத்தான்” என்றார் அத்தை. அது எனக்கு உறைத்தது. முள்ளை எடுத்துக்கொண்டு போனேன்.

ஜன்னல் பக்கம் நொரீனின் இடம். குனிந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஒரு தையல் நெல்மணி அளவு, அடுத்தது சோளமணி அளவு, கோட்டைவிட்டு இறங்கி, பிறகு பயந்து ஏறி. எனக்குத் தைக்கத் தெரியாது. ஆனால் மோசமானதை அடையாளம் காணத் தெரியும், அதற்குத்தானே படித்தேன். ஒரு முழங்கை நீளத்துக்குப் பிரித்தேன். நன்றாகவே பிரித்தேன். நூலைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலை ஒன்பதரை. அன்று வெள்ளி, மலைப்பிரதேசம். அத்தை தக்காளியை எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம், பின்கதவில் நொரீன். செம்பு அச்சை விட்டுப் போயிருந்தாளாம்.

அச்சை எடுத்துக் கொடுத்தேன். அவள் கூடத்தைத் தாண்டிப் போகும்போது சட்டத்தைப் பார்த்தாள். நின்றாள். அச்சைக் கீழே வைத்தாள்.

“இதை யாரு பிரிச்சது?”

பத்தொன்பது வருடம் என் கையால் உடைகிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஒருவேளை, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும்.

“பாவி” என்றாள் நொரீன் மெதுவாக. “தானே பிரிச்சுட்டிருக்கா.”

“யாரு?”

“உங்க அத்தைதான். நேத்து நானும் அவளும் இடம் மாத்திக்கிட்டோமே. இந்த ஜன்னல் ஏசி என் கழுத்துல அடிக்குது, பிடிச்சுக்கிச்சுன்னேன். நீ இங்க வா, நான் அங்க போறேன்னு டார்லா மாறி உக்காந்தா. இது டார்லா தைச்சது.”

நான் சட்டத்தின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கேயும் நேற்றைய தையல் இருந்தது, ஒரு நெல், ஒரு சோளம். அதுதான் நொரீனுடையது. இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

“நான் நேத்தே பாத்தேன், அவ கை நடுங்குது. பாவம், சொல்லிக்க மாட்டா. பாத்து வெக்கப்பட்டுப் பிரிச்சுப்போட்டிருக்கா. இந்தக் கையை வச்சுக்கிட்டு மறுபடி எப்படித் தைப்பா?” நொரீன் நாற்காலியை இழுத்தாள். “கார்லதானே இருக்கா? எத்தனை நிமிஷம்?”

“பதினஞ்சு. ரெண்டு போயிடுச்சு.”

“ஊசில நூலைக் கோத்துக் குடு. சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு பாரு. வந்தா இருமு.”

நின்றேன். வேறு என்ன செய்வது? சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஜன்னல் வழியே மரத்தடியில் கார் தெரிந்தது, உள்ளே அத்தை, தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, பேச்சு கிடையாத மலைப்பிரதேசத்தில். இந்தப் பக்கம் நொரீன், நாக்கை உதட்டோரம் தள்ளிக்கொண்டு, தபால் முத்திரை குத்தும் வேகத்தில் குத்திக்கொண்டிருந்தாள். பதினோராவது நிமிடம் நூலை முடிச்சுப் போட்டாள்.

“பாரு. எப்படி இருக்கு?”

நான் பார்த்தேன். போர்வைக்குள் ஒரு கால் முழுவதும் நுழையலாம்.

“கொஞ்சம் பெருசாத்தான் போட்டிருக்கேன்” என்று குரலைத் தாழ்த்தினாள். “வேணும்னே. என் கைக்கு வர்ற மாதிரி பொடியா போட்டா அவளுக்குச் சந்தேகம் வந்துடும்ல? அவ கை மாதிரியே இருக்கட்டும். நீ வாயைத் திறக்கக் கூடாது. மறுபடி தைச்சதே மறந்துபோச்சு போலிருக்குன்னு அவளே நினைச்சுக்குவா. வயசாகுதுல்ல.” என் கன்னத்தைத் தட்டினாள். அச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகவே போய்விட்டாள்.

மணி அடித்தது. அத்தை உள்ளே வந்தார். சட்டத்தைப் பார்த்தார்.

“நொரீன் பக்கத்தைப் பிரிக்கச் சொன்னேனே?”

எல்லாவற்றையும் சொன்னேன், நொரீன் சொன்னதைச் சொன்னபடியே. அத்தை நடுவில் ஓரிடத்தில் சிரிக்கப் போனார். பிறகு சிரிக்கவில்லை.

“இடம் மாறினது உனக்குத் தெரியாது. சரி. ஆனா தையலைப் பாத்தேல்ல? இது அவ தைச்சதில்லன்னு தோணலையா?”

“இல்ல.”

“ஏன்?”

“மோசமா இருந்துச்சு.”

இப்போது நினைத்தால், அதைச் சொல்ல இன்னொரு வழி இருந்திருக்கும். அப்போது எனக்கு அது நேர்மையாகத் தோன்றியது. அத்தை வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, குழந்தையைப் பார்ப்பது போலக் கட்டைவிரலைப் பார்த்தார்.

“எந்த அளவுக்கு?”

“அவங்களது மாதிரியேதான்.”

“ம்” என்றார். பிறகு பாத்திரம் கழுவப் போனார்.

மத்தியானம் ஆர்லிஸ் வந்தாள். வந்த வேகத்தில் முள்ளைக் கையில் எடுத்தாள். “இன்னும் ரெண்டு வாரத்துல கண்காட்சிக்குக் குடுக்கணும். ரெண்டு பக்கத்தையும் இப்பவே பிரிச்சு நானே தைச்சுடறேன். ஒருத்திக்குக் கை போச்சு, ஒருத்திக்குக் கையே வரல.”

“வை கீழ” என்றார் அத்தை.

“என்னது?”

“அவ அந்த இடத்தைத்தான் தேடிப் போய்ப் பாப்பா ஆர்லிஸ். தான் தைச்சு மூடினதாச்சே. அங்க பொடித் தையல் இருந்துச்சுன்னா, யாரோ பிரிச்சுத் தைச்சிருக்காங்கன்னு தெரியும். தெரிஞ்சா, போன வாரத்தை நினைப்பா. அதுக்கு முந்தின வாரத்தை நினைப்பா. அப்படியே பத்தொன்பது வருஷமும் போகும்.”

“நீல ரிப்பன்?”

“உன் வீட்டுல இருக்கற ஏழும் பத்தலையா? வித்துட்ட மாட்டுக்கா கட்டப்போறே?”

ஆர்லிஸ் முள்ளை டிராயரில் எறிந்தாள். “நாலு சர்ச்சு முன்னாடி என் பேரும் அதுல இருக்குடி” என்றாள். அன்று டீ குடிக்காமலே போனாள். அடுத்த வியாழன் வந்து, மூவரும் ஓரத்தை மடித்துத் தைத்து, போர்வையைச் சட்டத்திலிருந்து இறக்கினார்கள். ஜூன் முழுக்க அங்குலத்துக்குப் பதினொன்று, ஜூலையில் இரண்டு இடத்தில் குண்டும் குழியும்.

கண்காட்சிக் கடைசி நாளான வெள்ளியன்று நாங்கள் நால்வரும் போனோம். அத்தை கைப்பையில் தக்காளியை எடுத்துக்கொண்டார், வெள்ளியாச்சே. கொட்டகையில் மாட்டுச்சாணி வாசனையும் பொரித்த மாவு வாசனையும் கலந்து வீசியது. எங்கள் போர்வையின் மூலையில் வெள்ளை ரிப்பன் தொங்கியது. மூன்றாம் பரிசு. நடுவரின் அட்டையில், ‘பெரும்பகுதி நேர்த்தி. இரண்டு இடங்களில் தையல் சீரில்லை’ என்று எழுதியிருந்தது. மூன்றாவதாவது கிடைத்ததே என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வெள்ளை ரிப்பன் என்பது துக்கம் விசாரிக்க வேண்டிய விஷயம்.

விசாரிக்கவும் ஒருத்தி வந்தாள். மெல்வா, லூத்தரன் சர்ச்சுக்காரி, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு போர்வைக்குள்ளேயே புகுந்துவிடுவாள் போலக் குனிந்தாள்.

“அடடா, இந்த இடம்…” விரலால் தடவினாள். அது நொரீன் தைத்து மூடிய இடம். “டார்லா, உங்க வீட்டுப் போர்வையிலயா? இது யாரோட கை? அந்தப் பொண்ணை உக்கார வச்சீங்களா?” என்று என்னைப் பார்த்தாள்.

நொரீன் முன்னால் அடி எடுத்து வைத்தாள். அவள் எதைச் சொல்ல வாயெடுத்தாளோ தெரியாது. முகம் சிவந்திருந்தது.

“என்னோடது” என்றார் அத்தை. குரல் கொட்டகையின் அந்தக் கோடிவரை கேட்டது. “கை போயிடுச்சு மெல்வா. இதோ பாரு.” கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். “அதோ, அந்தப் பக்கம் இருக்கறதும் என்னோடதுதான். மிச்சமெல்லாம் இவங்க ரெண்டு பேரும்.”

மெல்வா ஐயோ பாவம் என்றாள். இன்னும் மூன்று பேர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருத்தி தேன்மெழுகு தடவச் சொன்னாள். இருபது வருடமாக ஊரில் அத்தையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை அவர் ஒரு நிமிடத்தில் கொட்டகைத் தரையில் போட்டார். நொரீன் அத்தையின் தோளை அணைத்துக்கொண்டாள். அத்தையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். தானும் நானும் சேர்ந்து காப்பாற்றிய ரகசியம் அல்லவா.

“தைரியம்டி உனக்கு” என்றாள் அத்தையின் காதருகே. “கவலைப்படாத. அரிசோனால ஒரு தையல் கூட்டம் இருக்காம், என் மகன் விசாரிச்சுட்டான். அங்க கத்துக் குடுக்கறவங்களே இல்லையாம். நான் போய்த்தான் சொல்லிக் குடுக்கணும்.”

ஆர்லிஸ் ‘எலுமிச்சைச் சாறு வாங்கறேன்’ என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனாள். அவள் தோள் குலுங்கியது. சிரிப்பா என்று பார்க்க நானும் எட்டிப் பார்த்தேன். ஆர்லிஸுக்கு அழத் தெரியாது என்று முன்பு எழுதியிருக்கிறேன். அது தப்பு.

திரும்பும் வழியில் நானும் அத்தையும் மட்டும். சோளவயலோரம் ஒரு மரம் வந்தது. “நிறுத்து” என்றார். தக்காளியைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்க பண்ணினது என்னன்னு தெரியுதா அத்தை? தைக்கத் தெரியாத ஒருத்தரைக் கைகாரின்னு நம்ப வச்சு, வேற மாநிலத்துக்கு அனுப்பறீங்க. சொல்லிக் குடுக்கப் போறாங்களாம்! முதல் வாரமே மானம் போயிடும். அங்க யாரு உக்காந்து பிரிப்பாங்க?”

“இங்க பேச்சு கிடையாது.”

“அங்க யாரு பிரிப்பாங்கன்னு கேட்டேன்.”

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. “அங்கயும் ஒருத்தி இருப்பா.”

“இல்லன்னா?”

“போர்வைச் சட்டம்னு ஒண்ணு இருந்தா, பக்கத்துல அப்படி ஒருத்தி இருப்பா டெஸ். இல்லாம எப்படி?”

நான்கு வருடம் படித்ததில் இவ்வளவு ஆதாரமில்லாத ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. என் பேராசிரியர் சிவப்புப் பென்சிலால் வெட்டியிருப்பார். பதிலும் என்னிடம் தயாராக இருந்தது, மூன்று விதமாக. அத்தையின் வீங்கிய கட்டைவிரல் தக்காளியின் மேல் கிடந்தது. அது ஓடும் டிக்கு டிக்குக்கு விரலும் லேசாக ஆடியது. இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. நான் கேலி செய்த அந்த விதி அப்போதும் எனக்கு முட்டாள்தனமாகத்தான் பட்டது. ஏசியின் வாயை அவர் பக்கம் திருப்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.